உப்புக் காற்றும் ஒரு மெல்லிய கவசமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயல் போன்ற ஓர் ஊரிலே வண்டி வைத்திருப்பவன், மழைக்கு அஞ்சுவதைக் காட்டிலும் காற்றுக்கே அதிகம் அஞ்ச வேண்டியவனாக இருக்கிறான். கொண்டல் வீசும் நாட்களில் அலைமுகத்திலிருந்து எழுகிற நுண்ணிய உப்புத் துளிகள் வீட்டு முற்றம் வரையில் வந்து, நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் மீது பகலெல்லாம் படிந்து, இரவின் ஈரத்தில் கரைந்து, விடியற்காலையில் இரும்பைச் செந்நிறமாகவும் அலுமினியத்தை வெண்ணிறமாகவும் தின்னத் தொடங்கிவிடுகின்றன. இரும்பின் துரு எவர் கண்ணுக்கும் தெரியும். அதற்கு உடனே மருந்து தேடுகிறோம். அலுமினியத்தின் நோயோ சுண்ணாம்புத் தூள் போல அடக்கமாக வெளிப்படுவதால், அது ஆழமாக வேரூன்றிய பிறகே பலருக்கும் புலனாகிறது. இவ்வூரில் மோட்டார் சைக்கிள்களையும் வள்ளங்களின் எஞ்சின்களையும் பழுது பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட நான், இந்த வெள்ளை நோயோடு நெடுங்காலம் பழகியவன். அந்தப் பழக்கத்தில் நான் அறிந்துகொண்ட சிலவற்றை, வண்டியின் அலுமினியப் பாகங்களிலிருந்து அனோடைஸ் பூச்சை நீக்குவது என்ற ஒரு விஷயத்தை மையமாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

இந்தக் காரியத்துக்காக என் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் பாரின் முனைக் குமிழ் முதலியவற்றைச் சிவப்பும் நீலமும் பொன்னிறமுமாக வாங்கிப் பூட்டிக்கொண்டு, ஒரு கோடை கழிவதற்குள் சிவப்பு ரோஜா நிறமாகவும் நீலம் சாம்பலாகவும் வெளிறிப் போவதைக் கண்டு மனம் நொந்து வருகிறார்கள். அந்த நிறம் வர்ணப் பூச்சன்று. உலோகத்தின் மேற்படலத்தில் உள்ள நுண்துளைகளில் ஊறிய சாயம். அந்தச் சாயங்களில் பல வெயிலைத் தாங்குவதில்லை. நம் ஊர் வெயிலையோ சொல்லவே வேண்டாம். வேறு சிலர் பழைய கார்களின் கண்ணாடி ஓரத்து அலுமினியப் பட்டைகளில் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் விழுந்து, எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு ஏறவில்லையே என்று கொண்டு வருகிறார்கள். உடைந்த பாகத்தை வெல்டிங் செய்ய வேண்டி வருகிறவர்களும் உண்டு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிட, அதன் மேல் உள்ள ஆக்ஸைடோ 2,000 டிகிரிக்கு மேலும் உருகாமல் நிற்பதால், பற்றவைக்கும் இடத்திலாவது அந்தப் படலத்தை அகற்றாமல் வேலை நடவாது.

அந்தப் படலம் எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை நீக்க முற்படுவது உசிதமன்று. அலுமினியத்தை வெட்டினால் அந்த வெட்டுவாயில் காற்றிலுள்ள பிராணவாயு உடனே சேர்ந்து ஒரு மெல்லிய ஆக்ஸைடுப் படலத்தை உண்டாக்கிவிடுகிறது. அதன் கனம் சில நானோமீட்டர்களே. இந்த இயற்கைக் கவசத்தையே மின்சாரத்தின் உதவியால் ஆயிரம் மடங்குக்கு மேல் கனமாக்குவதுதான் அனோடைஸிங். நீரில் கலந்த கந்தகத் திராவகத் தொட்டியிலே பாகத்தை நேர்முனையில் தொங்கவிட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், 5 முதல் 25 மைக்ரான் வரையில் படலம் வளர்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிறகு சாயம் ஏற்றி, கொதிநீரில் இட்டு, நுண்துளைகளின் வாயை அடைத்துவிடுகிறார்கள். நீலக்கல்லும் மாணிக்கமும் இதே அலுமினிய ஆக்ஸைடு பளிங்காக உறைந்தவையே என்று சொன்னால், இந்தப் படலத்தின் கடினம் எத்தகையது என்பது விளங்கும்.

இந்த வித்தையின் பூர்வ சரித்திரத்தில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. 1923-ல் இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டுவர்ட் என்ற இருவர் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இம்முறையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தபோது, அவர்களுடைய நோக்கம் அலங்காரமன்று; கடலில் இறங்கி ஏறும் விமானங்களின் டியூராலுமின் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காப்பதே. கந்தகத் திராவக முறை 1927-ல் வந்து பிறகு பரவலாயிற்று. ஆகவே அனோடைஸ் பூச்சு பிறந்ததே கடலோரத்தின் கஷ்டத்தை நிவர்த்திக்கத்தான். அதைக் கடற்கரையில் வாழ்கிற நாம், நிறம் வெளிறிற்று என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றி எறிவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இது: படலம் முழுமையாக இருக்கிறது, நிறம் மட்டும் கெட்டிருக்கிறது என்றால் புன்னக்காயலிலே அதை நீக்கலாகாது. மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்கு இந்த யோசனை மிகையாகத் தோன்றலாம்; அங்கே மெருகேற்றிய வெற்று அலுமினியம் ஆண்டுக்கணக்கில் கண்ணாடி போல் இருக்கக்கூடும். இங்கேயோ, மறு பாதுகாப்பு எதுவும் இல்லாமல் விட்ட லீவர் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெளுத்துப் புள்ளி விழுந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன். படலத்தில் ஏற்கெனவே ஓட்டை விழுந்து உப்பு உள்ளே புகுந்துவிட்டதா, அப்பொழுது நீக்கத்தான் வேண்டும். நீக்கிய பின் வேறொரு காப்பை இடத்தான் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தே ஒரு வேலையாக எண்ணுங்கள். முதற்பாதி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பொறுமையைக் கேட்பது பிற்பாதிதான்.

தொடவே கூடாத பாகங்கள் சில உண்டு. பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் உட்புறம், காலிப்பரின் பிஸ்டன், ஷாக் அப்சார்பரின் உள்ளே ஒன்றன்மீது ஒன்று வழுக்கி ஓடும் குழாய்கள், இவற்றில் இடப்பட்டிருப்பது பெரும்பாலும் தேய்மானத்தைத் தாங்குவதற்கென்றே குளிர்ந்த அமிலத்தில் வளர்த்த கடினப் படலம். அனோடைஸ் படலம் சட்டை போல மேலே போர்த்தியதன்று, தோல் போல அந்த உடம்பிலிருந்தே உண்டானது. சாதாரணப் பூச்சில் அதன் கனத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உலோகம் இருந்த இடத்துக்குள்ளேயே இறங்கி இருக்கிறது. அதை உரித்தால் பாகம் தன் பூர்வ அளவைவிடச் சிறுத்துவிடும். லீவருக்கு அது பொருட்டில்லை. பேரிங் அமரும் குழிக்கும் மரைக்கும் பிரேக் பிஸ்டனுக்கும் அது உயிர்ப் பிரச்சினை. ஹேண்டில் பாரிலும் முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்புகளிலும் உப்புப் புள்ளி ஆழமாகக் குழிந்திருந்தால், உரிப்பதையும் மெருகேற்றுவதையும் பற்றிப் பேசவே வேண்டாம். அத்தகைய குழியிலிருந்துதான் விரிசல் பிறக்கும். அந்தப் பாகத்தை மாற்றிவிட வேண்டியதுதான்.

வேலையைத் தொடங்குமுன், கையில் இருப்பது அனோடைஸ்தானா என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும், கீறாமல் மிருதுவாக, பாகத்தின் மேல் வையுங்கள். வெற்று அலுமினியமாக இருந்தால் மின்சாரம் தங்குதடையின்றி ஓடி மீட்டர் ஒலிக்கும். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் தெளிவான வார்னிஷ் பூசியிருந்தாலும் மீட்டர் மௌனமாகவே இருக்கும். ஆதலால், கண்ணில் படாத ஒரு மூலையில் தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பார்ப்பதோ, கூரிய முனையால் சுரண்டி, ஏடாக உரிகிறதா என்று பார்ப்பதோ நலம். ஏடாக உரிந்தால் அது வார்னிஷ். முதலில் பெயின்ட் ரிமூவரால் அதை அகற்றிய பிறகே உள்ளே அனோடைஸ் இருக்கிறதா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். வார்னிஷ் ஏட்டின் மேல் அனோடைஸைக் கரைக்கும் காரத்தை ஊற்றினால், அது ஓரிடத்தில் புகுந்தும் ஓரிடத்தில் புகாமலும் பாகத்தைப் படை நோய் கண்டது போல ஆக்கிவிடும்.

எமரித் தாளால் தேய்த்தே எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தாளில் ஒட்டியிருக்கும் பொடியும் பெரும்பாலும் அலுமினிய ஆக்ஸைடேயாகும். தன் இனத்தோடு தானே பொருதுகிற அந்தத் தாள் வெகு சீக்கிரம் மழுங்கிப் போகிறது. மேட்டில் படலம் போய் உலோகமும் தேய்ந்துவிட, பள்ளத்தில் படலம் அப்படியே தங்கிவிடும். இன்னும் சிலர், பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். புளியின் புளிப்பு இந்தப் படலத்தை அசைக்காது. உப்போ படலத்தின் ஓட்டைகளைத் தேடிப் பிடித்து உள்ளே இறங்கும். எந்த உப்பிலிருந்து வண்டியைக் காக்கப் பாடுபடுகிறோமோ அதை நாமே கையால் தேய்ப்பானேன்?

அலுமினிய ஆக்ஸைடைக் கரைப்பதற்கு எளிதில் கிடைக்கும் வஸ்து காஸ்டிக் சோடா. எங்கள் ஊருக்குத் தெற்கே, காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் உள்ள டி.சி.டபிள்யூ. ஆலையில் இது உற்பத்தியாகிறது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் பிரிகின்றன. தூத்துக்குடிக் கடற்கரையின் உப்பே இப்படி உருமாறி, அந்த உப்பினால் கெட்டுப்போன அலுமினியத்துக்குச் சிகிச்சையாக வருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு உண்டாவதுண்டு. கடையில் வெண்ணிறச் செதில்களாகக் கிடைக்கும். சோப்புத் தயாரிக்கும் மகளிர் குழுவினருக்கு நன்கு பரிச்சயமான பொருள்தான். குழாய் அடைப்பு நீக்கும் தூள்களிலும் இது இருந்தாலும், அவற்றில் வேறு என்னென்ன கலந்திருக்கின்றன என்பது தெரியாதாகையால் அவற்றை நான் உபயோகிப்பதில்லை.

இதன் அபாயத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கடற்காற்றில் இந்தச் செதில்கள் ஈரத்தை இழுத்துக்கொண்டு வெகு விரைவில் கசிந்து கூழாகிவிடும்; ஆகவே கெட்டியாக மூடும் பிளாஸ்டிக் ஜாடியில்தான் வைக்க வேண்டும். குழந்தையின் கண்ணுக்கு அது கற்கண்டு போலத் தோன்றும். கரைத்த நீரோ தண்ணீர் போலவே இருக்கும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தப் பொருளின் விஷயத்தில் அந்தப் பழக்கம் ஓர் உயிரைப் பறிக்கக் கூடியது. எவரேனும் அறியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; விழுங்கும்போது புண்ணாக்கியது வெளியே வரும்போதும் புண்ணாக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தோலில் பட்டால் சோப்பு போல வழுக்கும். நம் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதன் அடையாளம் அது. தேங்காயெண்ணெய் தடவுவது இவ்விடத்து வழக்கம். அதில் காலம் போக்காமல் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்ய வேண்டும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, முழங்கை வரையில் வரும் கனமான ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு ஆகிய இவை இல்லாதவருக்கு இந்த வேலையை நான் சொல்லிக் கொடுப்பதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பாகத்தை முழுமையாகப் பிரித்துவிடுங்கள். ஸ்பிரிங், ரப்பர், பேரிங், புஷ் யாவும் வெளியே வரட்டும். இரும்புக்குக் காஸ்டிக் அதிகக் கேடு செய்யாது, துத்தநாகத்தைத் தின்றுவிடும். பல கார்புரேட்டர் உடல்களும் சில சிறு குமிழ்களும் அலுமினியம் போலத் தோன்றும் துத்தநாக வார்ப்புகளே என்பதை நினைவில் வையுங்கள். பிறகு மண்ணெண்ணெயால் கிரீஸையும் எண்ணெயையும் போக்கி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் காரம் தயங்கும், அந்தத் தயக்கம் திட்டாக நின்றுவிடும். காக்க வேண்டிய மரைகளிலும் லீவரின் அச்சுத் துளையிலும் உருக்கிய மெழுகை ஊற்றி அடைப்பது என் வழக்கம். அதற்குக் கடையில் விற்கும் சாதாரண மெழுகுவர்த்தியே உகந்தது. தேவாலயப் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள் எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்குமாயினும், அவற்றில் தேன்மெழுகு கலந்திருப்பது மரபு. தேன்மெழுகைக் காஸ்டிக் சோப்பாக்கிக் கரைத்துவிடும். பெட்ரோலிய மெழுகை அது ஒன்றும் செய்யாது.

பாத்திரம் தடித்த பிளாஸ்டிக் வாளியாக இருக்கட்டும். அலுமினிய அண்டாவையோ நாகம் பூசிய வாளியையோ எடுத்தால் காரம் பாத்திரத்தையே தின்னும். வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, லிட்டருக்கு 50 கிராம் வீதம் செதில்களைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். ஒருபோதும் செதிலின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே நீர் சூடேறும். ஆறிய பிறகே பாகத்தை இறக்குகிறேன். குளிர்நாட்டுக் குறிப்புகளில் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்லியிருப்பதைக் காணலாம். நம் வெயிலில் தண்ணீரே வெதுவெதுப்பாக இருப்பதால் அது தேவையில்லை, வேகம் கைமீறிப் போவதற்கே அது வழி. இதெல்லாம் திறந்த வெளியில், காற்று நம் முதுகுப்புறத்திலிருந்து வீசும்படி நின்று செய்ய வேண்டிய வேலை. பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. வெளிப்படுகிற வாயு ஹைட்ரஜன்.

பாகத்தைப் பிளாஸ்டிக் கயிற்றில் கட்டி இறக்கிய பின் என்ன நடக்கிறது என்பதைக் கண் அகற்றாமல் பார்க்க வேண்டும். இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் அந்தச் சில நிமிஷங்களில்தான் அடங்கியிருக்கிறது. முதலில் ஒன்றுமே நடவாதது போல இருக்கும். சாயம் ஏறிய பாகமாயின், நிறம் மெல்லிய புகைபோல் பிரிந்து நீரில் பரவும். குமிழி இராது. ஆக்ஸைடு காரத்தில் கரையும்போது வாயு எதுவும் பிறப்பதில்லை என்பதே காரணம். படலம் முழுதும் கரைந்து காரம் வெற்று அலுமினியத்தைத் தொட்ட அந்தக் கணத்தில்தான் ஹைட்ரஜன் பிறந்து, குமிழிகள் சரசரவென்று எழும்பத் தொடங்கும். ஆகவே குமிழி எழுவது வேலை ஆரம்பித்ததன் அடையாளமன்று, முடிந்ததன் அடையாளம்.

இதை அறியாமல் வேலை செய்பவர்களே பாகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆத்தூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, “அண்ணாச்சி, இப்பதானே பொங்க ஆரம்பிச்சிருக்கு, இன்னுங் கொஞ்ச நேரம் கிடக்கட்டுமே” என்றார். “பொங்குறது பூச்சு இல்ல தம்பி, ஒங்க லீவர்” என்று சொல்லி நான் அதை வெளியே எடுத்தேன். எடுத்துக் கழுவிப் பார்த்தபோது சிவப்பு அறவே நீங்கி, பால்வெள்ளையான மந்த நிறம் தெரிந்தது. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் விளிம்புகள் மழுங்கி, பொறித்த எழுத்துகள் கரைந்து, முகமெல்லாம் சொரசொரப்பாகியிருக்கும். படலம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் கரையாது. விளிம்பில் முந்தியும் உட்குழிவில் பிந்தியும் கரையும். ஆதலால் முதற்குமிழிகள் கண்டவுடன் எடுத்து, ஏராளமான தண்ணீரில் கழுவி, நைலான் நாரால் தேய்த்து, மீந்த இடம் இருந்தால் மறுபடியும் சிறிது நேரம் இறக்குவதே முறை. அலங்காரத்துக்கென்று இட்ட மெல்லிய படலம் சில நிமிஷங்களிலேயே போய்விடும். கனத்த படலமும், கொதிநீரில் நன்றாக வாயடைத்த படலமும் நேரம் கேட்கும். ஒரே வாளியில் பல பாகங்களை அடுக்காதீர்கள். எதிர்வினை தன் சூட்டைத் தானே வளர்த்துக்கொண்டு போகும்.

வெளியே வந்த பாகம் வெண்மையாக இராமல் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் திகைக்க வேண்டியதில்லை. அலுமினியத்தோடு கலந்த செம்பும் சிலிக்கனும் இரும்பும் காரத்தில் கரையாமல் மேலே கரிபோல் படிந்து நிற்பதே அது. அச்சில் பிதுக்கி எடுத்த பாகங்களும், கட்டியிலிருந்து கடைந்தெடுத்த லீவர்களும் பெரும்பாலும் வெள்ளையாக வரும். செம்பு மிகுந்த கலவை கறுத்து வரும். எஞ்சின் மூடி போன்ற வார்ப்புகளில் சிலிக்கன் அதிகமாதலால் அவை சாம்பல் நிறமாக வரும். தொழிற்சாலைகளில் இதை நைட்ரிக் திராவகத்தில் தோய்த்து நீக்குகிறார்கள். சிலிக்கனுக்கு அதுவும் போதாமல் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். எலும்பு வரைக்கும் ஊடுருவிப் போகிற அந்த அமிலத்தை எந்தக் காரணத்தை முன்னிட்டும் வீட்டிலோ சிறு பட்டறையிலோ நினைக்கவே கூடாது. சோப்புத் தூளும் நைலான் நாரும் தோள் வலிமையும் போதும், கரி போய்விடும். எப்படியும் பிறகு வாட்டர் பேப்பர் போடத்தானே போகிறோம்!

காஸ்டிக்குக்கு மாற்றாக, பாஸ்பாரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் சேர்ந்த சூடான கரைசல் ஒன்று உண்டு. அது ஆக்ஸைடை மட்டும் கரைத்து, அடியில் உள்ள உலோகத்தைத் தொடாமல் விட்டுவிடும். பரிசோதனைச் சாலைகளில் படலத்தின் எடையை அறிவதற்கு இதைத்தான் பிரயோகிக்கிறார்கள். வேலையின் நேர்த்தியைக் கருதினால் இதற்கு ஈடில்லை. ஆனால் அந்த குரோமியம் புற்றுநோயை விளைவிக்கும் இனம். ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவு, ஆலை மூடி ஆண்டுகள் பல ஆன பின்பும் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்த கொடுமையைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. ஆற்றின் வாயில் குடியிருக்கும் நாம் அதைத் தொடாமல் இருப்பதே தருமம்.

காஸ்டிக் கரைசலின் கழிவைப் பற்றியும் அதே அக்கறையோடு சொல்கிறேன். வேலை முடிந்ததும் வாளியைத் தூக்கி ஆற்றிலோ கழியிலோ கொட்டுவதற்குக் கை இயல்பாகவே நீளும். கூப்பிடு தூரத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அங்கே அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. எங்கள் ஊரின் சோறே அதில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கரைசலைக் குளிரவிட்டு, கையுறையும் கண்ணாடியும் கழற்றாமல், குளியலறை கழுவும் அமிலத்தை நிறைய நீரில் கலந்து துளித்துளியாக விட்டுக் கிளறிக்கொண்டே வர வேண்டும். லிட்மஸ் தாளின் நிறம் நீலமுமில்லாமல் சிவப்புமில்லாமல் நிற்கும் பக்குவத்தில், கரைந்திருந்த அலுமினியமெல்லாம் வெண்கூழாகத் திரண்டு அடியில் படியும். ஓரிரவு விட்டு, மேலே தெளிந்த நீரைச் செடி கொடி இல்லாத தரையில் ஊற்றிவிட்டு, கூழை வெயிலில் உலர்த்திக் குப்பையோடு சேர்க்கலாம். சாயமும் கலப்பு உலோகங்களின் எச்சமும் பெரும்பாலும் அந்தக் கூழிலேயே அகப்பட்டுவிடும்.

மெருகேற்றுவதில் அதிகம் சொல்வதற்கில்லை. துளைகளில் தங்கிய காரத்தைக் கொதிநீர் விட்டு வெளியேற்றி, மெழுகையும் உருக்கி எடுத்துவிட்டு, 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 600, 800, 1200 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய தாளின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பிறகு பருத்திச் சக்கரமும் பஃபிங் சோப்பும். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: அலுமினியத் தூள் குவிந்த இடத்தில் இரும்பைச் சாணை பிடிக்காதீர்கள். இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் பொறியும் சேர்ந்தால், தண்டவாளத்தைப் பற்றவைக்க ரயில்வேக்காரர்கள் உபயோகிக்கும் அதே உக்கிரமான தீ உண்டாகும்.

இப்பொழுது பாகம் கண்ணாடி போலப் பளபளக்கிறது. உடைமைக்காரர் முகம் மலர்கிறது. பிற்பாதி வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெறும் மெழுகுப் பாலிஷ் போட்டு வைப்பது கடலிலிருந்து விலகிய ஊர்களுக்குச் சரி. இங்கே அப்படி வைத்துக்கொள்ள விரும்புகிறவர், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, அடிக்கடி மெழுகு ஏற்றுவேன் என்று சங்கற்பம் செய்துகொள்ள வேண்டும். அதைக் காப்பாற்றியவர்கள் எங்கள் ஊரில் உண்டு, அவர்களுடைய வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். பளபளப்பின் மேல் தெளிவான வார்னிஷ் அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. வழவழப்பான அலுமினியத்தில் அது இறுகப் பற்றாது; ஒரு சிறு கல் பட்டு ஏடு விட்டதும், உப்பு அந்த வாயிலில் நுழைந்து வார்னிஷுக்கு அடியில் புழு ஊர்ந்தது போலக் கோடு கோடாக ஓடும். அழகைச் சிறிது தியாகம் செய்ய மனமுள்ளவர்களுக்கு, சொரசொரப்பாகத் தேய்த்து, அலுமினியத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமரும் அதன்மேல் நல்ல வர்ணமும் அடிப்பதே குறைந்த செலவில் நிறைந்த காப்பு என்று சொல்லிவருகிறேன்.

எல்லாவற்றிலும் உத்தமம் மறுபடியும் அனோடைஸ் செய்துவிடுவது. கோயம்புத்தூரிலும் சென்னை அம்பத்தூரிலும் கூலிக்கு இதைச் செய்து தருகிற தொழிற்கூடங்கள் உண்டு. குழியும் கீறலும் இல்லாத பாகத்தை அங்கே அனுப்புவதாக இருந்தால் பழைய பூச்சை நாமே உரிக்க வேண்டிய அவசியமில்லை. அவர்களே தங்கள் தொட்டியில் உரித்துக்கொள்வார்கள். ஆனால் மேற்பரப்பு எப்படிப் போகிறதோ அப்படியே திரும்பி வரும். கீறலை அனோடைஸ் மறைக்காது. அதனால் குழியோ கீறலோ விழுந்த பாகமாயின், உரித்து, உப்புக் குழிகளைத் தேய்த்து நீக்கி, மெருகேற்றி அனுப்புவது நம் பொறுப்பு. இரும்புத் துண்டு ஒன்றுகூட உள்ளே இருக்கலாகாது. கந்தகத் திராவகம் அதைத் தின்றுவிடும். மின்சாரத்துக்காகக் கிளிப்பு பிடிக்கும் இடத்தில் படலம் வளராது ஒரு சிறு தழும்பு நிற்கும். போல்ட் தலையால் மறையும் இடத்தை மையால் குறித்து, இங்கே பிடியுங்கள் என்று எழுதி அனுப்புங்கள். நிறத்தைப் பற்றிக் கேட்டால், சாயம் வேண்டாம், இயற்கை வெள்ளியே போதும், அல்லது கறுப்பு என்பதே என் பதில். சிலிக்கன் மிகுந்த எஞ்சின் மூடி போன்ற வார்ப்புகள் அனோடைஸ் தொட்டியிலிருந்து மங்கலான கருஞ்சாம்பலாகவே வெளிவரும். அவற்றுக்கு வர்ணமே தகுந்தது.

திருப்பிப் பூட்டும்போது இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்று எண்ணி எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். துருப்பிடிக்காததுதான், ஆனால் உப்பு ஈரத்தின் நடுவே அலுமினியத்தோடு ஒட்டி நின்றால் ஒரு சிறு மின்கலமாகி, தான் தப்பி அலுமினியத்தை அரிக்க விட்டுவிடும். மரையில் கிரீஸ் தடவி, தலைக்கு அடியில் நைலான் வாஷர் வைத்து முடுக்குங்கள். ஆனால் பிரேக், ஃபோர்க் முதலிய பாரந்தாங்கும் இடங்களில் தயாரிப்பாளர் இட்ட வாஷரை மாற்ற வேண்டாம், கிரீஸ் மட்டும் போதும். இன்னொன்று, புதிதாக அனோடைஸ் செய்த பாகத்தில் எர்த் வயரைப் பூட்டினால் விளக்கு எரியாது, ஹாரன் ஒலிக்காது. படலம் மின்சாரத்தை விடாது. அந்த ஒரு துளையைச் சுற்றி மட்டும் பைசா அகலத்துக்குப் படலத்தைச் சுரண்டி, வயரின் வளையத்தை வைத்து முடுக்கி, அதன்மேல் கிரீஸைத் தாராளமாக அப்பிவிடுங்கள். கொண்டல் காற்றுக் காலத்தில் மாதம் ஒருமுறை அந்த கிரீஸைத் துடைத்துப் புதிதாக அப்ப வேண்டும்.